முயலுக்கு எண்ணெய் தேய்த்தவன்

சேக்காளி,

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சிவகிரியிலிருந்து வேனில் வந்து இறங்கிய நேரத்தில், வாசலில் கைகூப்பி நிற்க வேண்டிய பெண்ணின் அப்பன் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, யாரடா இவன் என்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் தலைக்கும் மீசைக்கும் சாயம் அடித்திருந்தேன். விடிந்து பார்த்தால் மேலுதடு தடித்து, நெற்றி ஓரமெல்லாம் சிவந்து, காது இரண்டும் உளுந்த வடை மாதிரி வீங்கிக் கிடந்தன. சம்பந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணைக் கட்டிக் குடுக்கதுக்கு இப்படியா அழுவாக?" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். சாயத்தைவிட அழுகை கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

சாயப் பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கிறதாம். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவி, இரண்டு நாள் பார்த்து, ஒன்றும் செய்யவில்லை என்றால்தான் தலைக்குப் போட வேண்டுமாம். மகள் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினாள். "நாப்பது வருஷம் தோல் பரிசோதனை ரூம்ல வேலை பாத்த மனுசன் செய்யுத காரியமாப்பா இது?" என்றாள். அவளும் அவள் அம்மாவும் சிரித்த சிரிப்பு மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்திருக்கும்.

பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, மனைவி உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்து என் நெற்றியில் பரபரவென்று தடவினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். கல்யாணம், மண்டபம், சீர்வரிசை என்று பேச ஆயிரம் இருக்க, நான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். மனைவி இரண்டு முறை, "என்ன முனங்குதீய?" என்று கேட்டாள். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் நீ கண்டுபிடிக்கப் போவதில்லை. நீயும் என்னோடு பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்தவன்தானே.

அதற்குப் பிறகு நீ குற்றாலத்துக்கு, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கப் போனாய். நான் தென்காசிக்கு வெளியே இருந்த அந்தப் பரிசோதனைக்கூடத்தில் முயல் அறைக்கு ஆளாகப் போனேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமியார் என்ன வேலை என்று கேட்டபோது, "மருந்து சம்பந்தமான ஆராய்ச்சியில் இருக்கிறேன்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "ஆமா அத்தை, முயல் புழுக்கையை ஆராய்ச்சி பண்ணுதான்" என்றாய். அப்படியும் பெண் கொடுத்தார்கள். "ரெண்டு பேருக்கும் தொழில் தோலுதாம்லே. எனக்கு மனுசத் தோலு, ஒனக்கு முயல் தோலு" என்று நீ அடிக்கடி சொல்லுவாய். எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. நாம் இருவரும் ஏதோ ஒரு கம்பெனியின் இரண்டு கிளைகள் மாதிரி.

என் வேலை என்னவென்று நீ கடைசிவரை சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் நடுவில் சிரிப்பாய். இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மனிதர் தோலில் படப்போகிற ஒரு சரக்கு வந்தால், அது தோலை எரிக்குமா என்று முதலில் முயல் முதுகில் பார்ப்பார்கள். வெள்ளை முயல், சிவப்புக் கண். முந்தின நாளே முதுகு முடியை மிஷினால் ஒட்ட எடுத்துவிட வேண்டும். மறுநாள் அந்த வெறும் தோலில் சரக்கைக் கொஞ்சம் விட்டு, மேலே வலைத்துணி வைத்து ஒட்டிவிடுவார்கள். நாலு மணி நேரம். பிறகு துணியை எடுத்துக் கழுவிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, அப்புறம் மூன்று நாளைக்குத் தினம் ஒரு தடவை, டாக்டரம்மா வந்து குனிந்து பார்ப்பார். சிவப்பு இல்லையென்றால் சைபர். இருந்தால் ஒன்று, இரண்டு என்று நாலு வரை ஏறும். வீக்கத்துக்குத் தனி எண். முடி எடுப்பதும், பிடித்துக்கொள்வதும், கூண்டு கழுவுவதும், தீனி வைப்பதும் நான். எண் போடுவது அவர். முயலைத் தேவையில்லாமல் தொடக்கூடாது என்பது அங்கே முதல் பாடம். நான்தான் பாடத்தில் எப்போதும் கெட்டிக்காரன் ஆயிற்றே.

அந்த வருஷம் வைகாசியில் ஒரு வலித் தைலம் வந்தது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கென்றே மதுரைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று தயாரித்தது. தேய்த்தால் சுள்ளென்று சூடு ஏறும். குளிர்ந்த அருவியில் போய் நின்றால் சொர்க்கம் மாதிரி இருக்கும் என்று சொன்னார்கள். மூன்று முயல்களுக்கு முதுகில் முடி எடுத்தேன். எடுத்துவிட்டுப் பார்க்கிறேன், மூன்றும் கூண்டு மூலையில் ஒடுங்கிக்கொண்டு நடுங்குகின்றன. தோல் ரோஸ் நிறத்தில், பச்சைக்குழந்தையின் மொட்டைத் தலை மாதிரி இருக்கிறது. என் மகளுக்கு அப்போதுதான் மொட்டையடித்திருந்தோம். மொட்டையடித்த தலையைச் சும்மா விடலாமா? சந்தனம் பூச வேண்டாமா? சந்தனம் பூசினால் மஞ்சளாகத் தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. ஆகவே என் சாப்பாட்டுப் பையில் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து மூன்று முதுகிலும் நன்றாகத் தடவி, நீ தேய்ப்பதுபோலவே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, மூன்றும் கண்ணை மூடிச் சுகம் கண்டன. மறுநாள் காலையிலும் ஒரு தடவை. துணியை எடுத்துக் கழுவிய பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து மறுபடியும்.

முதுகு பளபளத்ததை டாக்டரம்மா கவனிக்கவில்லையா என்றால், அந்தத் தைலமே எண்ணெய்தானே. கற்பூர நெடியில் என் தேங்காய் எண்ணெய் எங்கே தெரியப் போகிறது? சைபர், சைபர், சைபர் என்று எண் விழுந்தது. முயலுக்கு எரியவில்லை என்று நான் அன்றைக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆனியில் சாரல் பிடித்தது. குற்றாலம் முழுக்க அந்தத் தைலம்தான். ஆடி பிறந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் நீ என் வீட்டுக்கு வந்தாய். என் மனைவி இலை போட்டாள். நீ, "தங்கச்சி, ஒரு ஸ்பூன் இருந்தா குடும்மா" என்றாய்.

"என்னண்ணே, கலெக்டர் ஆயிட்டீகளா?" என்றாள் அவள்.

நீ சிரித்துக்கொண்டே இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாய். அவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே குழம்புச் சட்டிக்குள் போட்டுவிட்டாள். தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளே சதை செக்கச்செவேல் என்று இருந்தது. "சோத்தைத் தொட்டா எரியுதும்மா. தேய்க்க வாரவுகளுக்கு ஒண்ணுமில்ல, அரை மணி நேரத்துல அருவில போயி கழுவிருதாக. நமக்குத்தான் காலையில இருந்து பொழுது அடையுத வரைக்கும் அதுலயே கெடக்கு." சொல்லிவிட்டு ஸ்பூனால் சோற்றை அள்ளத் தெரியாமல் பாதியை மடியில் கொட்டினாய்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ரசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஐந்து நாள் அப்படியே கழிந்தது. வேலை போய்விடும் என்பதுதான் ஒரே எண்ணம். முயலுக்கு எண்ணெய் தேய்த்ததால் வேலை போனவன் என்று ஊரில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. ஆறாம் நாள் நீ வந்து, தைலக் கம்பெனி மேனேஜர் கூட்டம் போட்டிருக்கிறார், வா என்றாய். "நீ அந்த டெஸ்ட் ரூம்ல வேலை பாக்குத ஆளு. சும்மா வந்து எம்பக்கத்துல உக்காரு. எனக்கு ஒரு தெம்பு." வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு பொய்கூட அகப்படவில்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மாடி. வாசலில் செருப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேய்க்கிற ஆட்கள் முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மேஜைக்குப் பின்னால் மேனேஜர். அவருக்குப் பக்கத்தில், சான்றுக்கு என்று வரவழைக்கப்பட்டிருந்த எங்கள் டாக்டரம்மா. அவரைப் பார்த்ததும் செருப்புகள் கிடந்த வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

மேனேஜர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "மூணு முயல். மூணு நாள். சைபர், சைபர், சைபர். இதுக்கு மேல என்னங்க வேணும்? நீங்க நாள் பூரா அருவித் தண்ணியில ஊறுறீங்க. கால்ல சேத்துப்புண் வந்தா செருப்பையா குத்தம் சொல்லுவீங்க?"

நீ உட்கார்ந்தபடியே கேட்டாய்: "இருவது வருஷமா ஊறுன கைதான் சார். தண்ணிக்கு இந்த வருஷந்தான் கோவம் வந்துச்சாக்கும்?"

கூட்டம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "பேப்பர் பொய் சொல்லாது. உங்க கையில இருக்கறது ஏதோ சொறி. அதோட வர்றவங்க முதுகைத் தொட்டா, அவங்களுக்கும் ஒட்டும். அப்புறம் யார் வருவா இங்க?"

தேய்க்கிறவர்கள் சங்கத் தலைவர் உன்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அவரு சொல்லுததுலயும் நியாயம் இருக்குல்லா. கை ஆறுத வரைக்கும் இந்த சீசன்ல நீ தேய்க்க வேண்டாம்ப்பா. பொறவு பாப்போம்" என்றார். உனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள், தங்கள் கைகளை மெல்ல மடிக்குள் ஒளித்துக்கொண்டார்கள். சொறிக்கையன் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் அடுத்த சீசனிலும் எவன் உன் முன்னால் முதுகைக் காட்டுவான்? இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் எழுந்தேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. டாக்டரம்மாவும் பார்த்தார். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாய்: "என் சேக்காளி சொல்லுதான். கேளுங்க."

"அந்த முயலுக்கு..." என்றேன். "அந்த முயலுக்கு முதுகுல எண்ணெய் இருந்துச்சு."

"என்ன எண்ணெய்?" என்றார் டாக்டரம்மா.

"தேங்கா எண்ணெய் மேடம். முடி எடுத்ததும் பாவமா இருந்துச்சு. மொட்டை போட்ட பிள்ளை மாதிரி. நாந்தான் தேச்சுவிட்டேன். மூணு தடவை. அதான் செவக்கல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, தேச்சதுக்குப் பொறவு குளிப்பாட்ட அஞ்சருவிக்குக் கூட்டிட்டுப் போனீகளா, மெயினருவிக்கா?"

லாட்ஜ் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. சங்கத் தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: மேனேஜர், நான், டாக்டரம்மா. அவர் கையை நீட்டி மேனேஜரிடமிருந்து அந்தத் தாளை வாங்கினார். இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "இந்த ரிசல்ட் செல்லாது. மறுபடியும் முதல்ல இருந்து பார்க்கணும். அதுவரைக்கும் யாரும் இந்தத் தைலத்தைத் தொடாதீங்க. இவர் கையை நல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. இது ஒட்டுற சொறி மாதிரி எனக்குத் தெரியலை" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க நாளைக்குக் காலையில வந்து, நடந்ததை எழுதிக் குடுங்க."

படி இறங்கும்போது நான் உன்னிடம், ஐந்து நாளாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்பதைச் சொன்னேன். நீ நின்றாய். திட்டப் போகிறாய் என்று நினைத்தேன். "அஞ்சாங்கிளாஸ்ல என் பென்சில எடுத்ததை என் கல்யாணத்தன்னைக்குத்தானலே சொன்ன. இந்தத் தடவை சீக்கிரந்தான்" என்றாய். சாரலில் இரண்டு பேரும் நனைந்துகொண்டு சிரித்தோம். உன்னால் கை தட்டிச் சிரிக்க முடியவில்லை. முழங்கையால் என்னை இடித்து இடித்துச் சிரித்தாய்.

வேலை போகவில்லை. ஆனால் ஆறு மாதம் முயல் அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, கண்ணாடிக் குடுவை கழுவ வேண்டும் என்று உத்தரவு. புதிதாக மூன்று முயல்கள் வந்தன. வேறொருவர் முடி எடுத்தார். நான் குடுவை கழுவிக்கொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் கதவுக் கண்ணாடி வழியே காட்டினார். மூன்று முதுகும் உன் உள்ளங்கை நிறத்தில் சிவந்து தடித்திருந்தன. "மூணு முயலோட முடிய வேண்டியது, ஆறாயிடுச்சு. பாத்தீங்களா?" என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை. என் இரக்கம் செய்த வேலை அது. தலை குனிந்துதான் நின்றேன்.

ஆனால் கேட் வரைக்கும்தான் அந்தக் குனிவு. வெளியே வந்ததும் போனில் உன்னைப் பிடித்து, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "செவந்துட்டுலே! நல்லா செவந்துட்டு! ஒன் கை மேல தப்பே இல்ல!"

நீ கேட்டாய்: "அதுகளுக்கு ரொம்ப எரியுமாலே?"

அதுதான் நீ.

தைலப் புட்டிகளெல்லாம் வேனில் ஏறித் திரும்பிப் போயின. மேனேஜரே வந்து சங்கத்தில் எல்லார் முன்னாலும், அது சொறி இல்லை, எங்கள் சரக்குதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் சூட்டைக் குறைத்துப் புதுச் சரக்கு கொண்டுவந்தார்கள். அதற்கு நிஜமான சைபர் விழுந்தது. அப்படியும் நீ சும்மா வாங்கவில்லை. ஒரு சொட்டை முழங்கை மடிப்பில் தடவிக்கொண்டு, மேனேஜரை மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாய். அவரும் போய்விட்டு வந்தார். இப்போதும் புது எண்ணெய் எது வந்தாலும் அங்கே, "மடிப்புல தடவிப் பாத்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யார் ஆரம்பித்த வழக்கம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அந்த அடுத்த வருஷ ஆனியில் முதல் சாரல் விழுந்த அன்று, தோல் புதிதாக மூடிய கையோடு, நீ முதன்முதலாகத் தேய்த்தது என் முதுகைத்தான். சுற்றிலும் கூட்டம். "எல்லாரும் பாத்துக்கிடுங்க. முயலுக்கு எண்ணெய் தேச்ச ஆளு இது. இவனுக்கு நான் தேய்க்கேன்" என்று அறிவித்துவிட்டு, என் முதுகில் தவில் வாசித்தாய். அடி ஒவ்வொன்றும் இலஞ்சி வரைக்கும் கேட்டிருக்கும். "முதுகு பேசும்லே. ஒன் முதுகு இப்பந்தான் நல்லாப் பேசுது" என்றாய். நான் எழுந்து அருவிக்குக் கீழே போய் நின்றபோது, ஒரு பரீட்சையிலாவது பாஸ் செய்தவன் மாதிரி இருந்தது.

என் மகள் இப்போது சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். அதே வேலைதான், அப்பன் வேலை. ஆனால் முயல் கிடையாது. மனிதத் தோலின் செல்லை எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் வளர்க்கிறார்கள். போனில் படம் காட்டினாள். பரோட்டாவில் ஒரே ஒரு அடுக்கை உரித்து வைத்த மாதிரி இருந்தது. அதன்மேல் சரக்கைவிட்டு, செல் எத்தனை பிழைத்திருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடுமாம், எரிக்குமா எரிக்காதா என்று. தென்காசியில் எங்கள் அறையிலும் அந்தக் கூண்டுகள் இப்போது காலி. "அதுக்கு யாரும் இரக்கப்பட்டு எண்ணெய் தேய்க்க முடியாதுப்பா" என்றாள். இரண்டு வயதில் மொட்டைத் தலையோடு நின்ற பிள்ளை! கர்வத்தில் என் வீங்கிய உதடு இன்னும் கொஞ்சம் வீங்கியது. உன்னிடம் சொன்னால், "எரிஞ்சாலும் நடுங்காதுல்லா, நல்லது" என்றுதான் சொல்லியிருப்பாய்.

உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம். "என் சேக்காளி சொல்லுதான், கேளுங்க." அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில், பள்ளிக்கூடத்தில், பத்திர ஆபீசில், போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் நடுவில்கூட, பேச்சு நெஞ்சில் நின்றுகொள்ளும்போது அந்தக் குரல் முதுகில் ஒரு தட்டுத் தட்டும். நான் பேசிவிடுவேன்.

போன ஐப்பசியில் நீ கண்ணை மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், ஊசி போட வந்த நர்ஸிடம் அந்தக் கதையைத்தான் சொன்னாய். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். "முப்பது பேரு இருந்தோம் சிஸ்டர். ஒருத்தன் வாயைத் தொறக்கல. வேலை போவும்னு தெரிஞ்சும், எவனும் கேக்காமலே இவன் எந்திரிச்சான்." அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சுளையை உன் வாயில் வைத்தேன், அவ்வளவுதான்.

நான் எழுந்தது பேசுவதற்கு இல்லையடா. வெளியே போவதற்கு.